வழியும் கோடும்: பகுதாதிலிருந்து கஸ்னாவுக்கு எவ்வளவு தூரம்?

"ஜித்தா எவ்வளவு தூரம்?" என்று இன்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், "சென்னையிலிருந்து ஐந்தரை, ஆறு மணி நேரம்" என்ற விடைதான் வரும். நாலாயிரத்து நானூற்றைம்பது கிலோமீட்டர் என்று சொல்வார் எவருமில்லை. கேட்டது தூரம், கிடைத்தது நேரம். கேட்டவரும் அதில் குறை காண்பதில்லை. இது விமானம் வந்தபின் ஏற்பட்ட பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. ஒட்டகமும் குதிரையும் பாய்மரக் கப்பலுமே வாகனமாக இருந்த காலத்திலும் ஊருக்கு ஊர் தூரம் நாட்களாலும் மாதங்களாலுமே சொல்லப்பட்டது. அலகு சுருங்கியிருக்கிறது, வழக்கம் பழையதே.

ஆனால் நாளுக்கும் மணிக்கும் அப்பால், எந்த வாகனத்தில் சென்றாலும் மாறாத தூரம் ஒன்று இரண்டு ஊர்களுக்கிடையே உண்டு. அதைக் கண்டறிந்தே ஆகவேண்டும் என்று வாழ்நாளைச் செலவிட்டவர்களும் நம் முன்னோரில் இருந்தார்கள். அவர்களுள் தலையாயவர் அபூ ரைஹான் அல்பிரூனி. அவர் கேட்ட கேள்வி எளியது: பகுதாதிலிருந்து கஸ்னா எவ்வளவு தூரம்? நம் பாடநூல்கள் 'கஜினி' என்று எழுதுகின்ற அதே கஸ்னாதான். இக்கேள்விக்கு விடை காண அவர் ஒரு தனி நூலே எழுத வேண்டியதாயிற்று. ஏன் இவ்வளவு பாடு என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் பழைய அளவுகளை நாம் சற்றுப் பார்த்துவிட வேண்டும்.

நம் பாட்டனார் காலத்து ஹஜ்ஜுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ரயிலேறிப் பம்பாய் செல்வார்கள். முஸாஃபர்கானாவில் தங்கிக் காத்திருந்து கப்பலேறுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் கடலில் கழியும். பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையிலான அந்த ஹஜ்ஜுக் கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றது. கப்பலில் சென்று திரும்பிய பெரியவர்களிடம் அந்தக் கடல் எத்தனை மைல் என்று கேட்டால் தெரியாது. எத்தனை நாள், எந்த நாளில் ஏடன் கண்ணுக்குப் பட்டது, எந்த நாளில் இஹ்ராம் அணிந்தோம் என்பன மட்டும் பிசகாமல் நினைவிருக்கும். பயணிக்குத் தூரம் என்பது அவன் உடல் பட்ட பாடு. அது நாட்களில்தான் பதிவாகும்.

அரபுலகின் சாலைகளிலும் இதே கதைதான். ஒரு நாள் நடையின் முடிவில் கூட்டம் இறங்கித் தங்குமிடம் வரையுள்ள தொலைவு ஒரு 'மர்ஹலா'. அஞ்சல் குதிரைகள் மாறும் நிலையங்களை ஒட்டி அமைந்த அளவு 'பரீத்'. இவற்றோடு மைல், ஃபர்ஸக் என்ற அளவுகளும் வழங்கின. மூன்று மைல் ஒரு ஃபர்ஸக். வானியலாரின் கணக்கில் ஒரு மைலுக்கு நாலாயிரம் முழம். மர்ஹலா நடப்பவனின் அளவு. மைல் அளப்பவனின் அளவு. மலைப்பாதையில் மர்ஹலா குறுகும், சமவெளியில் நீளும். மைல் எங்கும் ஒன்றே.

இந்த இரண்டு அளவுகளும் நம் மார்க்கச் சட்டத்திலும் எதிரெதிரே நிற்பதை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய பயணம் எவ்வளவு தொலைவுடையதாக இருக்க வேண்டும்? ஹனஃபி மத்ஹபில் நடுத்தர நடையில் மூன்று நாள் வழி என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 16 ஃபர்ஸக், 48 ஹாஷிமீ மைல் என்று எண்ணிட்டு வைத்தார்கள். இதை இன்றைய கிலோமீட்டரில் பெயர்ப்பதில் ஆலிம்களிடையே கணக்கு வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் புகவில்லை. எப்படிப் பெயர்த்தாலும் இன்றைய ஜெட் விமானம் அத்தொலைவைக் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அப்படியானால் விமானப் பயணிக்கு அந்தச் சலுகை இல்லையா என்று நம் காலத்தில் சிலர் கேட்கிறார்கள். விடை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் என்ற சட்ட நூலில், கடல் வழியே செல்பவன் காற்றின் வேகத்தால் அந்த மைல்களை மிகச் சிறு பொழுதில் தாண்டிவிட்டாலும் அவன் பயணியே என்று தீர்ப்புக் கூறப்பட்டிருக்கிறது. விமானத்தைக் கனவிலும் காணாத காலத்தில், நேரம் சுருங்கினாலும் தூரம் சுருங்குவதில்லை என்று பிரித்துக் காட்டிய அந்தத் தெளிவை நாம் வியக்காமலிருக்க முடியாது.

நாளும் மைலும் வேறுபட்டது போலவே மற்றொரு வேறுபாடும் இருந்தது. அது வழிக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் சாலை ஆற்றைச் சுற்றும், கணவாயைத் தேடும், கிணறு இருக்கும் இடத்துக்கெல்லாம் வளைந்து போகும். இரண்டு ஊர்களையும் இணைக்கும் நேர்க்கோடு எந்தக் கிணற்றையும் தேடுவதில்லை. வணிகனுக்கு வழி போதும். தொழுகிறவனுக்கோ கோடு வேண்டும். ஏனெனில் கிப்லா என்பது மக்காவை நோக்கிய திசை. மக்காவுக்குப் புறப்படும் சாலையின் திசை அன்று.

இரண்டும் ஒன்றெனக் கொண்டவர்களும் இருந்தார்கள் என்பதற்குச் சமர்கந்து சான்று. பதினோராம் நூற்றாண்டில் அந்நகரின் காழியாக இருந்த அபுல் யுஸ்ர் அல்பஸ்தவி கிப்லா குறித்து எழுதியதிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி இது: ஹனஃபிகள் நேர் மேற்கை விரும்பினர், மக்காவுக்குச் செல்லும் சாலை அவ்வூரிலிருந்து மேற்காகப் புறப்பட்டதே காரணம். ஷாஃபிஈகள் நேர் தெற்கை விரும்பினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் தெற்கு நோக்கித் தொழுததை அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். கணக்கறிந்த வானியலார் சொன்ன திசையோ இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே நகரில் ஒருவருக்கு மேற்கும் மற்றவருக்குத் தெற்கும் கிப்லா! தொலைவிலிருப்போர்க்குப் பொதுவான திசையே போதும் என்று கூறிய சட்ட அறிஞர்கள் பலர் என்பதால், அன்று தொழுதவர்களின் தொழுகையைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கூற வரவில்லை. ஆனால் உண்மைத் திசை எது என்ற கேள்வி, கணக்குத் தெரிந்த ஒருவரின் உறக்கத்தைக் கெடுத்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

அல்பிரூனி 973இல் குவாரஸ்ம் நாட்டின் தலைநகராகிய காத் என்ற ஊரில் பிறந்தவர். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. ஊரின் பெயரே பிரூனி என்றாகிவிட்டது. இளமையிலேயே நகரங்களின் இருப்பிடத்தை அளப்பதில் அவருக்குத் தீராத வேட்கை. ஒரு நகரம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும்: அட்சரேகை, தீர்க்கரேகை. இவற்றுள் அட்சரேகை எளிது. நண்பகலில் கதிரவன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றோ, இரவில் துருவ விண்மீன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றோ அளந்தால் கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்கு வானத்தில் அப்படி நிலையான அடையாளம் எதுவுமில்லை. வானம் சுழன்றுகொண்டே இருக்கிறது. பகுதாது இன்று கண்ட அதே வானத்தைக் கஸ்னா ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே கண்டிருக்கும். எனவே தீர்க்கரேகை என்பது உண்மையில் நேர வேறுபாடே. இரண்டு ஊர்களிலும் ஒரே நொடியில் மணி என்ன என்று தெரிந்தால் போதும். ஒரு மணிக்குப் பதினைந்து பாகை என்று கணக்கிட்டுவிடலாம். தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில் அந்த ஒரே நொடியை எப்படிப் பிடிப்பது?

சந்திர கிரகணம் அதற்குக் கைகொடுத்தது. நிலவின்மேல் நிழல் விழும் நொடி, நிலவைக் காணும் எல்லா ஊர்களுக்கும் ஒன்றே. 997ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் இரவு ஒரு கிரகணம் வரவிருந்தது. அப்போது அல்பிரூனிக்கு வயது இருபத்து மூன்று. பகுதாதில் புகழின் உச்சியில் இருந்த கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானிக்கு வயது ஐம்பத்தாறு. இருவரும் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொண்டு, மூத்தவர் பகுதாதிலும் இளையவர் காத் நகரிலும் இருந்தபடி அந்தக் கிரகணத்தை நோக்கினார்கள். கணக்கை ஒப்பிட்டபோது இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு இருப்பது புலப்பட்டது. இன்றைய நிலப்படத்தின்படி அது ஒரு மணி ஐந்து நிமிடம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். சாலை வழியில் அதனினும் மிகுதி. அத்தனை தொலைவிலிருந்த இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், ஒரே நிலவைப் பார்த்துக் கைகோத்த நிகழ்ச்சி அது. அடுத்த ஆண்டே அபுல் வஃபா மறைந்தார்.

இன்று சென்னையில் விமானமேறி ஜித்தாவில் இறங்குகிறவர் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார். கதிரவனின் கணக்கில் அந்த வேறுபாடு 2 மணி 44 நிமிடம். அரசாங்கங்கள் வசதிக்காக அதை வெட்டியிருக்கின்றன. கடிகாரத்தைத் திருகும் அந்த விரல் நுனியில் நடப்பதும், அபுல் வஃபாவும் அல்பிரூனியும் அன்று செய்ததும் ஒரே கணக்குத்தான்.

1017இல் கஸ்னாவின் சுல்தான் மஹ்மூது குவாரஸ்மைக் கைப்பற்றினார். தோற்ற நாட்டின் அறிஞர்களும் வெற்றிப் பொருள்களோடு கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அல்பிரூனி அவர்களுள் ஒருவர். அவர் விருந்தாளியாகச் சென்றாரா, சிறையாளியாகவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விரும்பிப் போனவராக நமக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் அவர் காபூலுக்கு அருகில் ஜைஃபூர் என்ற சிற்றூரில் இருந்தார். கையில் கருவி ஒன்றுமில்லை. அந்த நிலையிலும் அவ்வூரின் அட்சரேகையை அளக்க வேண்டுமென்ற எண்ணம் அவரை விடவில்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி, அதன் முதுகில் வட்ட வில் ஒன்றை வரைந்து பாகை பிரித்து, தூக்குநூல் கட்டிக் கதிரவனை அளந்தார். கருவியில்லை, ஆதரவில்லை, ஊரில்லை என்று ஓய்ந்திருக்க எல்லாக் காரணமும் இருந்த மனிதர் அவர். மறு ஆண்டு செப்டம்பரில் சந்திர கிரகணம் ஒன்று நிகழ்ந்தபோது கஸ்னாவிலிருந்து அதையும் அளந்து எழுதிவைத்தார்.

கஸ்னாவில் நிலைகொண்டபின் அவர் கையிலெடுத்த பெரும் பணிதான் அந்நகரின் கிப்லா. மக்காவின் இருப்பிடம் பகுதாதோடு ஒப்பிட்டு முன்பே அளக்கப்பட்டிருந்தது. ஆகவே பகுதாதுக்கும் கஸ்னாவுக்கும் உள்ள தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்துவிட்டால் மீதிக் கணக்கு நடந்துவிடும். ஆனால் இரண்டு நகரங்களிலும் ஒரே கிரகணத்தை அளக்க இப்போது அபுல் வஃபா இல்லை. என்ன செய்வது?

அவர் வணிகர் கூட்டங்களின் பக்கம் திரும்பினார். பகுதாதிலிருந்து ரய் நகரம், அங்கிருந்து குவாரஸ்மின் ஜுர்ஜானிய்யா, அங்கிருந்து பல்க், அங்கிருந்து கஸ்னா என வடக்கே ஒரு சங்கிலி. ஷீராஸ், ஸரஞ்சு வழியாகத் தெற்கே மற்றொரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் இத்தனை ஃபர்ஸக் என்று சாலைக் கணக்கு இருந்தது. ஒவ்வொரு நகரின் அட்சரேகையும் அளக்கப்பட்டிருந்தது. இரண்டு ஊர்களின் அட்சரேகைகளும், அவற்றுக்கிடையே உள்ள தூரமும் தெரிந்தால் தீர்க்கரேகை வேறுபாட்டை வடிவக் கணிதத்தால் பெற்றுவிடலாம். இதை ஒவ்வொரு கண்ணிக்கும் செய்து கூட்டிக்கொண்டே போனார்.

இங்கேதான் வழியும் கோடும் மோதிக்கொண்டன. ஒட்டகக்காரன் சொல்லும் ஃபர்ஸக் வளைந்த வழியின் நீளம். கணிதத்துக்கு வேண்டியது நேர்க்கோடு. ஆகவே ஒவ்வொரு சாலையும் எத்தகைய நிலத்தில் செல்கிறது, எவ்வளவு வளைகிறது என்று எண்ணிப் பார்த்து, தூரத்தில் ஒரு பங்கைக் கழித்தே அவர் கணக்கில் சேர்த்தார். இது கணிதமன்று, மதிப்பீடு. அதனால்தான் ஒரு சங்கிலியோடு நில்லாமல் வேறு வழியாகவும் வந்து சரிபார்த்தார். ஒரு கணக்கு மற்றொன்றோடு முரண்பட்ட இடங்களை மறைக்காமல் எழுதினார். முடிவில் பகுதாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே அவர் கொண்ட வேறுபாடு 24 பாகை 20 கலை. இன்றைய நிலப்படத்தில் அது 24 பாகையும் இரண்டு மூன்று கலையும். ஒட்டகத்தின் காலடியைக் கொண்டு அளந்தவர் கால் பாகைக்குச் சற்று மேல்தான் பிழைத்தார்! கஸ்னாவின் அட்சரேகையில் அவர் கண்ட 33 பாகை 35 கலை, இன்றைய அளவோடு இரண்டு கலைக்குள் பொருந்துகிறது.

பாகையில் கிடைத்ததை மைலாக்க வேண்டுமானால் பூமியின் சுற்றளவு தெரிய வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு கலீஃபா மஃமூன் காலத்தில் ஸின்ஜார் சமவெளியில் அறிஞர்களின் இரு அணிகள், ஒன்று வடக்காகவும் ஒன்று தெற்காகவும், கயிறு பிடித்து அளந்துகொண்டே நடந்தன. வானத்தில் ஒரு பாகை மாறும் வரையில் நடந்து, ஒரு பாகைக்கு ஏறக்குறைய 56 மைல் என்று கண்டன. அல்பிரூனி இதைத் தாமே சோதிக்க விரும்பினார். இளமையில் ஜுர்ஜான் பகுதியில் முயன்று, துணை நிற்பார் இல்லாமல் கைவிட்டார். பிற்பாடு இந்தியப் பக்கம் வந்தபோது, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை மலை அவருக்கு வாய்த்தது. மலைக்கு முன்னே விரிந்து கிடந்த சமவெளி. மலையின் உயரம் 652 முழம் என்று அளந்தார். உச்சியில் நின்று தொடுவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார், 34 கலை. இந்த இரண்டு எண்களிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கயிறு பிடித்து நடந்தவர்களின் முடிவோடு அது மிக நெருங்கி வந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அல்பிரூனியின் பூமி ஆரம் இன்றைய அளவோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் பொருந்துகிறது என்று மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். அவர் முழத்தில் அளந்தார். அந்த முழத்தின் நீளத்தை நாம் எப்படிக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே பொருத்தம் கூடும் அல்லது குறையும். காற்றில் ஒளி வளைவதால் தொடுவானம் சற்று உயர்ந்து தோன்றும் என்பதும் அவர் கணக்கில் சேரவில்லை. அவருடைய பெருமைக்கு இந்த மிகைக் கணக்கு தேவையே இல்லை. தனியொருவராக ஒரு மலையையும் ஒரு கோணத்தையும் கொண்டு உலகத்தை அளக்கலாம் என்று கண்டதே போதுமானது.

இனிக் கிப்லா. பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய கோடு எது? வீட்டிலுள்ள பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களின் மேல் நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால் அந்தக் கோடு தெரிந்துவிடும். அதை அப்படியே நீட்டினால் உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் பெருவட்டமாக அமையும். மக்காவை நோக்கும் அந்தப் பெருவட்டக் கோடு ஊரை விட்டுப் புறப்படும் திசையே வானியலார் கண்ட கிப்லா. அல்பிரூனி பல முறைகளில் கணக்கிட்டு, கஸ்னாவுக்கு அது தெற்கிலிருந்து மேற்காகச் சுமார் 71 பாகை என்று முடிவு கண்டார். இன்று கணினியைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரு பாகை மட்டுமே வேறுபட்டுச் சொல்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையாப் பள்ளியில் தொழுகை நேரங்களைக் கணக்கிடும் பணியில் இருந்த ஷம்சுத்தீன் அல்கலீலி, எந்த ஊருக்கும் திசையை ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ளும்படி ஏறக்குறைய மூவாயிரம் எண்கள் கொண்ட அட்டவணையே எழுதிவைத்தார்.

இந்தப் பெருவட்டக் கோடு தட்டையான நிலப்படத்தில் பழகிய கண்ணுக்கு விந்தையாகத் தோன்றும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1949இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1957இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய மையத்தின் பள்ளிவாசல் வடகிழக்கை நோக்கி நிற்கிறது. வடக்கிலிருந்து கிழக்காக 56 பாகை 33 கலை. மக்கா வாஷிங்டனைவிட வெகு தெற்கே இருக்கிறது. நிலப்படத்தில் கோடு போட்டால் தென்கிழக்கைத்தானே காட்டும் என்று பலருக்கு ஐயம். நூலை எடுத்து உருண்டையின் மேல் வைத்தவுடன் ஐயம் தீர்ந்துவிடும். கோடு முதலில் வடக்கே ஏறி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பிறகுதான் தெற்கே இறங்குகிறது.

இந்தக் கோட்டில் இன்று நாள்தோறும் செல்கிறவர்கள் யார் தெரியுமா? விமானிகள். நியூயார்க்கிலிருந்து ஜித்தாவுக்கு இடைநில்லாமல் பறக்கும் விமானம் தெற்கே திரும்பாமல் வடகிழக்கே எழுந்து கனடாவின் கடலோரத்தை ஒட்டிச் செல்வதற்கு இதுவே காரணம். அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 10,200 கிலோமீட்டர். தொழுகைக்காக வரையப்பட்ட கோடும் எரிபொருளை மிச்சப்படுத்த வரையப்பட்ட கோடும் ஒன்றாக அமைந்தன. இதைக் கொண்டு விமானவியலே நம்மிடமிருந்து வந்தது என்று பேசத் தொடங்கிவிடலாகாது. உருண்டையின் கணக்கு எவர் போட்டாலும் ஒன்றே. அந்தக் கணக்கை எதற்காகப் போட்டார்கள் என்பதுதான் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது.

விமானம் வந்தபின் வழியும் கோடும் ஒன்றாகிவிட்டன என்று எண்ணத் தோன்றும். வானத்தில் மலையேது, ஆறேது, கிணறு தேடி வளைய வேண்டியதேது? உண்மை அப்படியில்லை. வானத்திலும் சாலைகள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்றோடைகள் ஓடுகின்றன. அவற்றோடு சேர்ந்து பறந்தால் நேரம் குறையும். எதிர்த்துப் பறந்தால் கூடும். நியூயார்க்கிலிருந்து ஜித்தாவுக்கு வருவதைவிட அங்கே திரும்பிச் செல்ல ஒரு மணிக்கு மேல் மிகுதியாவது இதனால்தான். தூரம் ஒன்று, நேரம் இரண்டு.

காற்றைவிடப் பெரிய தடை அரசுகளின் எல்லை. 2017 ஜூன் முதல் 2021 ஜனவரி வரை அண்டை நாடுகள் தங்கள் வானத்தைக் கத்தார் விமானங்களுக்கு மூடிவைத்திருந்தபோது, தோஹாவிலிருந்து ஆப்பிரிக்கா செல்லும் விமானங்கள் அரபுத் தீபகற்பத்தைக் குறுக்கே கடக்க முடியாமல் கடல் வழியே சுற்றிச் சென்றன. 2022இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. அதற்கு முன்பு ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. பின்பு பதின்மூன்று மணி நேரமாயிற்று. அவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள 7,800 கிலோமீட்டர் ஓர் அடிகூட நீளவில்லை. அல்பிரூனி இருந்திருந்தால் விமான அட்டவணையைப் பார்த்துவிட்டு, வளைவுக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பலகையைத் திருப்பியிருப்பார்.

பகுதாதிலிருந்து கஸ்னாவுக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,225 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் கோடு கிழக்கு நோக்கி ஈரானின் மேலாகச் செல்கிறது. ஜெட் விமானத்துக்கு அது மூன்று மணி நேரத் தொலைவு. ரய் நகரின் இடிபாடுகள் இன்று தெஹ்ரானின் தெற்குப் புறநகராகிவிட்டன. ஸரஞ்சு ஆப்கானிஸ்தானின் எல்லை ஊர். 1258இல் மங்கோலியரால் அழிந்து மீண்டும் எழுந்தது பகுதாது. கஸ்னாவை 1151இல் கோரிகள் எரித்தார்கள். பழைய பெருமையை அது திரும்பப் பெறவில்லை. ஊர்கள் இத்தனை மாறியும், அவற்றுக்கிடையே அந்த மனிதர் கண்ட எண் மாறவில்லை.

ஹிஜ்ரி 416, கி.பி. 1025ஆம் ஆண்டு கஸ்னாவில் அவர் எழுதி முடித்த அந்நூலின் பெயர் 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்'. இடங்களின் எல்லைகளை வரையறுத்தல் என்று பொருள்படும். அதன் கையெழுத்துப் படி இஸ்தான்பூலில் ஃபாதிஹ் தொகுப்பில் இருக்கிறது. 1962இல் கெய்ரோவில் அரபு மூலம் அச்சாயிற்று. 1967இல் பெய்ரூத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பெரும் ஆராய்ச்சி நூலாயினும், அல்பிரூனி அதில் தம் வாழ்க்கையைப் பற்றி ஆங்காங்கே சில வரிகள் எழுதியிருக்கிறார். ஜைஃபூரில் பலகையின் முதுகில் வில் வரைந்த செய்தியை நாம் அறிவது அவ்வரிகளிலிருந்துதான்.